எடித் தொம்சன்: தண்டனை குற்றத்துக்கா, நடத்தைக்கா?



ஒரு பெண்மீது குற்றம் சுமத்தப்பட்டால், அதை அவள் செய்தாளா என்று கேட்பதற்கு முன் அவள் எப்படிப்பட்டவள் என்றே பலரும் கேட்கின்றனர். இக்கேள்வி ஓர் உயிரைப் பறித்த வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

லண்டனில் தொப்பி வியாபார நிறுவனமொன்றில் பொறுப்பான வேலையில் இருந்தவர் எடித். 1916இல் பேர்சி தொம்சனை மணந்தார். 1921இல் அவர்களது வீட்டில் தங்கியிருந்த பிரெட்ரிக் பைவோட்டர்ஸ் என்ற கப்பல் ஊழியருடன் அவருக்கு இரகசிய உறவு ஏற்பட்டது. ஒருநாள் பேர்சி மனைவியை அடித்தபோது பைவோட்டர்ஸ் குறுக்கிட்டார். அதன்பின் அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. எடித்தைப் பிரிய பேர்சி சம்மதிக்கவில்லை. கணவன் அடித்தார் என்பதற்காக மட்டும் மனைவி விவாகரத்துப் பெற அன்றைய ஆங்கிலேயச் சட்டமும் இடமளிக்கவில்லை.

கடலில் இருந்தவருக்கு எடித் கடிதங்கள் எழுதினார். கணவனின் உணவில் மின்குமிழ்க் கண்ணாடித் தூளைக் கலந்ததாகவும் அவற்றில் எழுதியிருந்தார்.

1922 ஒக்டோபர் 3ஆம் திகதி இரவு நாடகம் பார்த்துவிட்டுத் தம்பதியர் வீடு திரும்புகையில், பைவோட்டர்ஸ் இருளிலிருந்து பாய்ந்து பேர்சியைக் கத்தியால் குத்தினார். பேர்சி அவ்விடத்திலேயே இறந்தார். அவருக்கு வயது 32. "வேண்டாம், வேண்டாம்" என்று ஒரு பெண் கதறியதைக் கேட்டதாக அயலவர் ஒருவர் சாட்சி சொன்னார்.

பைவோட்டர்ஸ் சேர்த்து வைத்திருந்த கடிதங்கள் பொலிஸாரிடம் சிக்கின. எடித்துக்கு எதுவும் தெரியாது என்று அவர் இறுதிவரை கூறினார். பிரேத பரிசோதனையிலும் நஞ்சோ கண்ணாடியோ காணப்படவில்லை. எனினும் அந்தக் கடிதங்களே எடித்துக்கு எதிரான சாட்சியாயின. நீதிபதியும் அவரது ஒழுக்கத்தைக் கடுமையாகச் சாடினார். 1923 ஜனவரி 9ஆம் திகதி காலை ஒரே நேரத்தில் இருவரும் வெவ்வேறு சிறைகளில் தூக்கிலிடப்பட்டனர். எடித்துக்கு வயது 29.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. கணவனின் தகாத உறவை மட்டும் காட்டி மனைவியும் விவாகரத்துப் பெறலாம் என்றாயிற்று. ஆனால் அடி வாங்கும் மனைவிக்கு அதுவும் வழி திறக்கவில்லை. சிறை வளவில் புதைக்கப்பட்ட எடித்தின் எச்சங்கள், 2018இல்தான் பெற்றோரின் கல்லறையைச் சென்றடைந்தன.

பேர்சியின் கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. எடித் தவறு செய்யாதவர் என்றும் நாம் கூறவில்லை. ஆயினும் கணவனுக்குத் துரோகம் செய்வது வேறு, கொலை செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால் ஒரு பெண்ணின் உயிர் போனது.

சகோதரிகளே, கிணற்றடியிலும் சந்தையிலும் இன்னொரு பெண்ணின் நடத்தை பற்றிப் பேச்சு எழும்போது ஒரு கணம் நிதானிப்போம். நாம் கண்டது எது, ஊர் சொல்வது எது என்று பிரித்துப் பார்ப்போம். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண், மனந்திறந்து பேச முதலில் தேடி வரக்கூடியவராக நாம் இருப்போம்.