அந்தக் குண்டு தவறியிருந்தால்?

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நடக்காத காரியத்தைப் பற்றிப் பேசிப் பொழுது போக்குகிறவர்களைப் பரிகாசம் செய்வதற்கென்றே ஏற்பட்ட பழமொழி. சரித்திரப் பாடம் சொல்லிக் கொடுப்பதை ஜீவனமாகக் கொண்ட நான் பெரும்பாலும் இந்தப் பழமொழியின் கட்சிதான். ஆயினும், நடக்காததை யோசித்துப் பார்த்தால்தான் நடந்தது இன்னதென்று விளங்கும் சந்தர்ப்பங்களும் சில உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் விஷயம் அவற்றில் ஒன்று.

1968-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி மாலை, மெம்பிஸ் நகரத்தில் லொரெய்ன் என்னும் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தவரைக் குண்டு தாக்கியது. அப்போது அவருக்கு வயது 39. அன்று முதல் அந்தத் தேசத்தார், "அந்த மகான் பிழைத்திருந்தால்!" என்று பெருமூச்சு விட்டு வருகிறார்கள். பிழைத்திருந்தால் நிறவேற்றுமை ஒழிந்திருக்கும், வறுமை நீங்கியிருக்கும் என்றெல்லாம் சொல்கிறவர்கள் பலர். என் அபிப்பிராயம் வேறு. அவர் பிழைத்திருந்தால், இன்று அவரைப் போற்றுகிறவர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

விதி அவருக்கு ஒரு முறை தவணை கொடுத்துப் பார்த்ததுண்டு. 1958-ம் வருஷம் செப்டம்பர் மாதம், நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியிலுள்ள ஒரு கடையில் தம் புஸ்தகத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சித்த சுவாதீனமற்ற ஒரு ஸ்திரீ கடித உறை கிழிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்திவிட்டாள். கத்தியின் முனை இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயை ஒட்டி நின்றதாம். ஒரு தும்மல் தும்மியிருந்தால் ஆள் தீர்ந்திருப்பார் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தும்மவில்லை, பிழைத்தார். காயம் ஆறிய பிறகு, மறு வருஷம் பிப்ரவரியில் நம் தேசத்துக்கு வந்து ஒரு மாத காலம் யாத்திரை செய்தார். குமரிமுனை வரையில் போனார். திருவனந்தபுரத்தில் ஹரிஜனப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர், "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டாதவர்" என்று அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தார். முதலில் சுருக்கென்று தைத்ததென்றும், பிறகு யோசித்துப் பார்க்கையில் அது முற்றும் உண்மையென்று கண்டதாகவும் கிங் பின்னால் ஒரு பிரசங்கத்தில் கூறியிருக்கிறார்.

அந்தத் தும்மல் வராததால் அமெரிக்காவுக்குக் கிடைத்தவை எவை? 1963-ல் பர்மிங்ஹாம் சத்தியாக்கிரகம், அதே வருஷத்து வாஷிங்டன் ஊர்வலம், 1964-ல் சமவுரிமைச் சட்டம், 1965-ல் செல்மா யாத்திரை, அதையொட்டி வந்த வாக்குரிமைச் சட்டம். இவையெல்லாம் அவர் ஒருவராலேயே நடந்தன என்று சொல்வது ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்குத் துரோகமாகும். ஆனாலும், அவர் இல்லாமல் இவை இதே உருவத்தில் நடந்திருக்கும் என்று சொல்லவும் நா எழவில்லை. ஆகவே, அவர் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பத்து வருஷம் ஓரளவு விடை சொல்கிறது.

இரண்டாவது முறை பிழைத்திருந்தால்? இங்கேதான் சங்கடம். 1968-ம் வருஷத்துக் கிங், 1963-ம் வருஷத்துக் கிங் அல்ல. தெற்கே பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் சம இடம் கேட்டவரை, வடக்கேயுள்ள வெள்ளைக்காரக் கனவான்கள் கை தட்டி வரவேற்றார்கள். அவரே 1966-ல் சிக்காகோவுக்குப் போய், "உங்கள் தெருவில் எங்களுக்கும் வீடு வாடகைக்குக் கொடுங்கள்" என்றபோது, அவர் தலையிலே கல் விழுந்தது. மிஸிஸிப்பியில்கூட இத்தனை துவேஷத்தைக் கண்டதில்லை என்றார் அவர். 1967-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி, சரியாக மரணத்துக்கு ஒரு வருஷம் முன்னால், வியட்நாம் யுத்தத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதுவரை அவரைப் புகழ்ந்த பெரிய பத்திரிகைகள் சில நாட்களுக்குள்ளேயே அவரைக் கடிந்துகொண்டன. ஜனாதிபதி ஜான்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் முன்னதாக, 1966-லேயே, கல்லப் ஸ்தாபனத்தார் ஜனங்களை விசாரித்ததில் 100-க்கு 63 பேர் கிங்கைப் பற்றித் தங்களுக்கு நல்ல எண்ணம் இல்லை என்றார்கள். அதே தேசந்தான் 1983-ல் அவர் பிறந்தநாளுக்கு விடுமுறைச் சட்டம் இயற்றியது. இடையில் அவர் செய்த புதிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: வாய் திறவாமல் இருந்தது.

வீட்டுச் சட்டத்தின் கதையைக் கவனியுங்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் மசோதா மார்ச் 11-ந் தேதி மேல்சபையில் நிறைவேறிவிட்டது. கீழ்ச்சபையில் அது தடுமாறிக்கொண்டிருந்தது. கிங் இறந்ததும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது, தலைநகரமே எரிந்தது. ஏப்ரல் 10-ந் தேதி கீழ்ச்சபை மசோதாவை ஒப்புக்கொண்டது. மறுநாள் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அவர் உயிருடன் இருந்திருந்தால் இது இத்தனை சீக்கிரம் நிறைவேறியிராது என்றே நினைக்கிறேன். ஆனால், துக்க வீட்டில் அவசரமாக எழுதிய பத்திரம் எப்படி இருக்கும்? சட்டத்தை மீறுகிறவனைச் சர்க்கார் இலாகா கூப்பிட்டுச் சமாதானம் பேசலாமே தவிர, தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. பல்லில்லாத அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்க 1988 வரை, இருபது வருஷம் ஆயிற்று. பல்லில்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடியவரா கிங்? சிக்காகோவில் கல்லடி பட்டவர் அல்லவா?

அந்த வருஷத்து ஜனாதிபதி தேர்தலைப் பற்றியும் பலர் கணக்குப் போடுகிறார்கள். 7 கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் நிக்ஸன் வென்றது சுமார் 5 லக்ஷம் வித்தியாசத்தில்தான். ஏப்ரல் கலவரங்கள் இல்லாவிடில் ஹம்ப்ரியே வந்திருப்பார் என்கிறார்கள். இருக்கலாம். ராபர்ட் கென்னடியும் அந்த ஜூன் மாதத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்த விளையாட்டு எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் துப்பறியும் இலாகாவின் தலைவர் ஹூவர் பல வருஷமாகக் கிங்கின் பேச்சுக்களை ஒட்டுக் கேட்டு, அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய சங்கதிகளைச் சேர்த்துவைத்திருந்தார். 1964-ல், தற்கொலை செய்துகொள்ளும்படி மறைமுகமாகத் தூண்டும் மொட்டைக் கடிதம் ஒன்று கூட அந்த இலாகாவிலிருந்து அவருக்குப் போயிற்று. உயிரோடிருக்கும் கிங்கின் மீது அந்தச் சேறு பகிரங்கமாக வீசப்பட்டிருந்தால், எத்தனை பக்தர்கள் நிலைத்து நின்றிருப்பார்கள்? காலமானவர்களுக்கு நாம் காட்டும் தாராளம், எதிரே நிற்கும் மனிதருக்குக் காட்டுவதில்லை.

பிழைத்திருந்தால் எப்படி மூப்படைந்திருப்பார் என்று அறிய, ஆகாயத்தில் கோட்டை கட்ட வேண்டாம். ஜேம்ஸ் லாஸன் என்பவரைப் பார்த்தால் போதும். கிங்கை விடச் சில மாதங்களே மூத்தவர். 1950-களில் நாகபுரியில் ஹிஸ்லாப் கலாசாலையில் பணியாற்றி, காந்தி மார்க்கத்தை நேரில் பயின்று போனவர். கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவரும் அவரே. 1974-ல் லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்துக்குப் போய் மாதாகோயில் குருவாக அமர்ந்தார். ஹோட்டல் சிப்பந்திகளுக்காகவும், கட்டிடங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்காகவும் கிழவரான பிறகும் தெருவில் நின்றார். இளைஞர்களுக்கு அஹிம்சைப் பாடம் நடத்தினார். 2024-ல், 95-வது வயதில் காலமானார். அவருக்கு விடுமுறை நாள் கிடையாது. நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

மெம்பிஸில் என்ன நடந்தது என்பதோடு முடிக்கிறேன். அங்கே குப்பை அள்ளும் தொழிலாளிகள் இருவர், மழைக்கு வண்டிக்குள் ஒதுங்கியபோது, குப்பையை நசுக்கும் யந்திரத்தில் சிக்கி மாண்டார்கள். அதன்மேல் 1,300 பேர் வேலை நிறுத்தம் செய்து, தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நகரத் தலைவர் இரண்டு மாதம் அசைந்து கொடுக்கவில்லை. கிங் தலைமை வகித்த மார்ச் 28-ந் தேதி ஊர்வலமும் கலவரத்தில் முடிந்தது. ஒரு சிறுவன் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தான். ஒழுங்கான ஊர்வலம் ஒன்று நடத்திக் காட்டவே கிங் திரும்பி வந்தார். வந்த மறுநாள் குண்டு பாய்ந்தது. ஏப்ரல் 8-ந் தேதி அவர் மனைவி கொரெட்டா முன்னே செல்ல, ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நடந்தார்கள். 16-ந் தேதி நகரசபை ஒப்பந்தத்துக்கு இணங்கிற்று. சில மாதங்களுக்கெல்லாம், ஒப்புக்கொண்டதை நகரசபை நிறைவேற்றவில்லையென்று அந்தத் தொழிலாளிகள் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்வதாகப் பயமுறுத்த நேர்ந்தது. இம்முறை விமானமேறி வருவதற்குக் கிங் இல்லை.