டாக்டருக்கு 2 வருஷம்... நர்சுக்கு 5 வருஷம்! "ஊசி போடு" என்று சொன்னது யார்?

வெள்ளை கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். வார்டுக்குள் வந்த ஒருவர், "சிஸ்டர், 7-ம் நம்பர் பெட்டுக்கு இந்த ஊசியைப் போடுங்க" என்கிறார். நர்சும் போடுகிறார். "டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார்" என்று நோயாளியின் மனைவி ஊருக்குப் போன் போட்டுச் சொல்கிறார்.

ஆனால் வந்தவர் டாக்டர் இல்லை. பிசிஷியன் அசிஸ்டென்ட். சுருக்கமாக பி.ஏ. தனியார் ஆஸ்பத்திரிகளில் இது சகஜமான காட்சி. இவர் சொன்னால் நர்சு கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

யார் இந்த பி.ஏ.?

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் தொடங்கிய படிப்பு இது. இந்தியாவில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் முதன்முதலாக வந்தது. பிளஸ்-2 முடித்தவர்கள் 3 வருஷம் படித்து, 1 வருஷம் பயிற்சி எடுக்கிறார்கள். டாக்டருக்குக் கைகொடுப்பதுதான் வேலை.

துணை மருத்துவத் தொழில்களுக்காக மத்திய அரசு 2021-ல் கொண்டு வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் இவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் நர்சுக்கு உத்தரவு போடலாம் என்று அதில் ஒரு வரி கூட கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். மீறினால் 1 வருஷம் வரை ஜெயில் அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 'ஷெட்யூல் எச்' மருந்துகளுக்கு டாக்டர் கையெழுத்து போட்ட சீட்டு வேண்டும்.

ஆக, டாக்டர் பார்த்து முடிவு செய்ததை பி.ஏ. வந்து சொன்னால் அது டாக்டரின் உத்தரவு. பி.ஏ. தானாக ஒரு மருந்தைச் சொன்னால், அதற்குப் பின்னால் டாக்டரே இல்லை!

மாட்டுவது யார்?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவைப் பாருங்கள். கவனக்குறைவால் உயிர் போனால் 5 வருஷம் வரை ஜெயில். சிகிச்சையின்போது பதிவு பெற்ற டாக்டர் செய்த தவறு என்றால் 2 வருஷம் வரைதான்.

இந்தச் சலுகை டாக்டருக்கு மட்டும். நர்சுக்கும் இல்லை, பி.ஏ.வுக்கும் இல்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. ஆனால் ஊசி போட்ட கை யாருடையது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும்!

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் இதே சண்டை நடந்தது. பி.ஏ. எழுதும் உத்தரவு செல்லாது என்று வாஷிங்டன் மாநில நர்சுகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1980-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு, பி.ஏ. அந்த டாக்டரின் சார்பாகச் செயல்படுகிறவர் என்று சொல்லி விதியை ஏற்றுக்கொண்டது. நர்சுகள் தோற்றார்கள். ஆனால் பொறுப்பு டாக்டருக்கு என்பது எழுத்தில் வந்துவிட்டது. நம்ம ஊரில் அந்த எழுத்துதான் இல்லை.

என்ன செய்யலாம்?

நர்சுகள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "எந்த டாக்டர் சொன்னாங்க?" பெயர், நேரம் இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். அவசரம் என்றால் டாக்டரிடமே போனில் பேசி, மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு மறக்காமல் கையெழுத்து வாங்க வேண்டும். இது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

பி.ஏ.க்கள் மீதும் பழி போட முடியாது. கஷ்டப்பட்டுப் படித்து வந்த பிள்ளைகள்தான் அவர்களும். டூட்டி டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்க, அந்த இடத்தில் இவர்களை நிறுத்துகிற நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். யார் யாருக்கு என்ன உத்தரவு போடலாம் என்று அரசு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 'நான் டாக்டர் அல்ல' என்பது தெரிகிற மாதிரி தமிழில் பேட்ஜ் குத்தச் சொன்னால் மீதியும் தீரும்.

அதுவரை நோயாளியோடு இருப்பவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். "நீங்க டாக்டருங்களா?" பில்லில் டாக்டர் பீஸ் கட்டுவது நீங்கள்தானே!