குற்றம் யந்திரத்தின் மீதா?

ஆண்டுதோறும் மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளில் ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். கடைசி வருஷ மாணவர்கள் தாய் தந்தையர் சகிதமாக மண்டபத்தில் கூடுகிறார்கள். கையில் ஒரு மூடிய உறை. குறித்த நேரம் வந்ததும் உறைகள் கிழிகின்றன. எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் துறையில் வேலை என்பது ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. ஆனந்தக் கூச்சல் எழுகிறது. பத்திரிகைகள் படம் பிடித்துப் போடுகின்றன.

அந்த மண்டபத்துக்கு வராதவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை. எங்கும் இடமில்லை என்ற செய்தி அவர்களுக்குத் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

அந்த நாட்டில் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. ‘ரெஸிடென்ஸி’ எனப்படும் ஆஸ்பத்திரிப் பயிற்சியை முடித்தால்தான் ஒரு துறையில் டாக்டராக நிற்க முடியும். எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைக்கு இந்தப் பயிற்சி 5 வருஷம். அந்தத் துறையில் வருஷத்துக்குச் சுமார் 900 இடங்கள் உள்ளன. கேட்டு நிற்பவர்களோ 1,400க்கும் மேல். மாணவன் தான் விரும்பும் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி எழுதுகிறான். ஆஸ்பத்திரிகளும் தாங்கள் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்துகின்றன. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு ஜோடி சேர்க்கிறது. இதற்கு ‘மேட்ச்’ என்று பெயர். முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும்.

இந்த யந்திரம் அநியாயம் செய்கிறது, இதை ஒழித்துவிட்டுச் சுதந்திரச் சந்தையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் அங்கே வாதாடுகிறார்கள். இது சரியா? பார்ப்போம்.

அன்று நடந்தது என்ன?

சுதந்திரச் சந்தையை அமெரிக்க மாணவர்கள் ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். 1940க்களில் ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப் பிடித்தன. 1945ல் கல்லூரிகள் தலையிட்டு அதைத் தடுத்தன. உடனே வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டது. “வேலை தருகிறோம், இப்போதே பதில் சொல்” என்று ஆஸ்பத்திரிகள் மாணவர்களை நெருக்கின. 1945ல் யோசிக்கப் பத்து நாள் அவகாசம் இருந்தது. 1949ல் பன்னிரண்டு மணி நேரம் கொடுப்பதே அதிகம் என்று அது நிராகரிக்கப்பட்டது! கையில் வந்ததை விட்டால் நடுத்தெரு, பிடித்துக்கொண்டால் நல்ல இடம் கை நழுவும். இதுதான் அந்தச் சந்தை தந்த ‘சுதந்திரம்’.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டவே பொருத்தத் திட்டம் பிறந்தது. ஆனால் 1951ல் முதலில் வந்த திட்டத்தில் ஒரு பொறி இருந்தது. எட்டாத இடத்தைத் துணிந்து முதலிடத்தில் எழுதிய மாணவன், எட்டியிருக்கக்கூடிய இடத்தையும் இழக்க நேரிடும். மாணவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பல கல்லூரிகளின் மாணவர்கள் கூடிக் கமிட்டி அமைத்தார்கள். எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். கணக்குமுறை மாற்றப்பட்டது. திருத்திய முறைப்படியே 1952ல் முதல் மேட்ச் நடந்தது.

ஆகவே இந்த யந்திரம் முதலாளிகள் போட்ட பிச்சையுமல்ல, வானத்திலிருந்து விழுந்ததுமல்ல. அதன் நல்ல பகுதி மாணவர் ஒற்றுமை வென்றெடுத்தது. 1998 முதல் மாணவனின் பட்டியலிலிருந்து ஆரம்பித்து ஜோடி சேர்க்கும்படி அது மேலும் திருத்தப்பட்டது. திருத்தியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012ல் லாயிட் ஷேப்லியுடன் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவரும் அவரது சகாவும் கணக்குப் போட்டு ஓர் உண்மையைச் சொன்னார்கள்: யார் பட்டியலிலிருந்து ஆரம்பித்தாலும் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட முடிவு மாறுவது அரிது!

அப்படியானால் இடம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிப்பது எது? 1952ல் பத்தாயிரத்துக்கும் அதிகமான இடங்கள் இருந்தன. வந்த மாணவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. ஆஸ்பத்திரிகள் மாணவர்களைத் தேடின. 2025ல் எல்லாத் துறைகளிலும் சேர்த்து 43,237 இடங்கள். பதிவு செய்தவர்கள் 52,498 பேர். மாணவர்கள் ஆஸ்பத்திரிகளைத் தேடி அலைகிறார்கள். யந்திரம் மாறவில்லை, பஞ்சம்தான் இடம் மாறியிருக்கிறது.

வாசலில் நிற்கும் செலவு

அலைவதற்கும் காசு வேண்டும். ஒரு பஸ் டிரைவரின் மகள் எலும்பு டாக்டராக ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிப் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் பட்டம் வாங்கும்போது தலையில் சுமக்கும் கடன் நடுத்தரமாக 2 லட்சம் டாலர். அவள் தலையிலும் அது ஏறியிருக்கும்.

இந்தத் துறையில் எண்பது இடங்களுக்கு மனுப்போடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. 2025 மேட்சுக்கான கட்டண விகிதப்படி முதல் முப்பது மனுவுக்குத் தலா 11 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். எண்பது மனுவுக்கு 1,830 டாலர்! மனுப்போடுவதற்கு மட்டும் இவ்வளவு. மனுக்கள் மலையாகக் குவிந்ததால், முப்பது இடங்களுக்கு மட்டும் “இங்கே எனக்குத் தனி விருப்பம்” என்று முத்திரை குத்தி அனுப்பும் முறையை 2022ல் இந்தத் துறையில் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் பயம் இருக்கும்வரை முப்பதோடு நிற்க யாருக்குத் தைரியம் வரும்?

அடுத்தது வெளியூர் ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை. இரண்டு மூன்று ஊர்களில் தலா ஒரு மாதம் தங்கி, விடியுமுன் எழுந்து, டாக்டர்கள் பின்னால் ஓடி, தன் திறமையைக் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் கைக்காசு. அந்த மாதங்களுக்கும் சொந்தக் கல்லூரிக்குச் சம்பளம் கட்டியாக வேண்டும்.

பரீட்சை மார்க்குக்காவது பணபேதம் இல்லை என்பீர்கள். முதல் கட்டத் தேசியப் பரீட்சையில் மார்க் கொடுப்பதை 2022 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது தேர்ச்சி அல்லது தோல்வி என்பது மட்டும்தான். ஒரு நாள் பரீட்சை ஒருவன் வாழ்வைத் தீர்மானிக்கலாகாது என்பது நியாயமே. ஆனால் அந்த இடத்தை எது பிடித்தது? ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கை! 2022ல் எலும்புத் துறையில் இடம் பெற்ற மாணவர்கள் காட்டிய கட்டுரைகளும் மாநாட்டு உரைகளும் சராசரி 16க்கு மேல். ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி, சொற்பக் கூலிக்கோ கூலியின்றியோ ஆராய்ச்சி செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெரிய கல்லூரியில் பெரிய பேராசிரியரின் நிழலில் இருப்பவனுக்கு இது எளிது. வட்டி ஏறும் கடனோடு நிற்பவளுக்கு அந்த ஒரு வருஷத்தை யார் கொடுப்பார்கள்?

1937ல் ரூத் ஜாக்ஸன் என்ற பெண்மணி அமெரிக்க எலும்பு டாக்டர் அகாதமியில் முதல் பெண் அங்கத்தினரானார். 2019 முதல் வைத்திய மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் 2021ல்கூட எலும்பு டாக்டர்களில் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான்! யந்திரத்துக்கு ஆண் பெண் தெரியாது. ஏழை பணக்காரன் தெரியாது. அது பட்டியலைத்தான் படிக்கிறது. பட்டியல் எழுதும் கைகளுக்கு எல்லாம் தெரியும்.

மாணவனா, தொழிலாளியா?

சரி, இடம் கிடைத்தவன் கதி என்ன? முதல் வருஷ ரெஸிடென்ட் டாக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 65,000 டாலர் சம்பளம். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலை நேரத்தைப் பாருங்கள்! வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பே 2003ல்தான் நாடு முழுவதும் வந்தது. அந்த வரம்புவரை உழைப்பவனுக்கு மணிக்குச் சுமார் 16 டாலர் தேறும். 2024 ஏப்ரல் முதல் கலிபோர்னியாவில் பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் கடைகளில் உழைப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். அந்தத் தொழிலாளர்கள் போராடி வாங்கினார்கள். அவர்களுக்கு நம் வாழ்த்து. நடுநிசியில் முறிந்த தொடையெலும்பைச் சேர்த்து வைக்கும் டாக்டருக்கு அதுவும் இல்லை.

சில வருஷம் பொறுத்தால் 5 லட்சம் டாலருக்குமேல் சம்பாதிக்கப் போகிறவன்தானே என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நாளைய விருந்தைக் காட்டி இன்றைய கூலியைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

2002ல் மூன்று டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மேட்ச் முறையும், ஆஸ்பத்திரிகள் சம்பள விவரங்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதும் சேர்ந்து கூலியை அமுக்குகின்றன, இது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்பது வழக்கு. நடந்தது என்ன தெரியுமா? 2004 ஏப்ரலில் பென்ஷன் நிதி பற்றிய ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் வாலில், மேட்ச் முறைக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் ஒரு ஷரத்து ஒட்டப்பட்டிருந்தது! அதே வருஷம் வழக்கு தள்ளுபடியாயிற்று. போட்டியே உயிர்நாடி என்று உலகுக்கு உபதேசிக்கும் நாட்டில், ஆஸ்பத்திரி முதலாளிகளுக்குத் தேவைப்பட்டபோது போட்டிக்குச் சட்டமே பூட்டுப் போட்டது.

கோர்ட்டில் கிடைக்காதது சங்கத்தில் கிடைத்தது. நியூயார்க்கில் ரெஸிடென்ட் டாக்டர்கள் 1957லேயே சங்கம் கண்டார்கள். நீண்ட வேலை நேரத்தை எதிர்த்து 1975ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1976ல் தேசியத் தொழில் உறவு வாரியம், “இவர்கள் மாணவர்கள், தொழிலாளிகளல்ல” என்று கைவிரித்தது. 1999ல் அதே வாரியம் தன் தீர்ப்பை மாற்றி, இவர்கள் தொழிலாளிகளே என்று ஒப்புக்கொண்டது. 2023 மே மாதம் நியூயார்க் எல்ம்ஹர்ஸ்ட் ஆஸ்பத்திரியின் 150க்கு மேற்பட்ட ரெஸிடென்ட் டாக்டர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து, மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 18 வீதம் சம்பள உயர்வு பெற்றார்கள். மேட்ச் முறை அப்படியே இருக்கும்போதுதான் இந்த வெற்றி!

பஞ்சத்தை உண்டாக்கியது யார்?

ரெஸிடென்ட் டாக்டர்களின் பயிற்சிக்கு முதியோர் மருத்துவ நிதியான மெடிகேரிலிருந்து ஆண்டுக்கு 1,500 கோடி டாலருக்குமேல் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அது ஜனங்களின் வரிப்பணம். 1997ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, இந்த உதவி பெறும் இடங்களை 1996ல் இருந்த அளவோடு நிறுத்தியது. அதற்குப் பிறகு ஜனத்தொகை பெருகியது, முதியோர் பெருகினர். 2020 டிசம்பரில்தான் 1,000 புதிய இடங்களுக்கு அனுமதி வந்தது. அதையும் வருஷத்துக்கு 200க்குமேல் தரக்கூடாது! சில ஆஸ்பத்திரிகள் சொந்தப் பணத்தில் இடங்களைக் கூட்டின. அவை தங்கள் லாபக் கணக்குப்படி கூட்டினவே தவிர, நோயாளியின் தேவைப்படியல்ல.

அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் முதியோர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பட்டணத்துக்கு வெகுதூரத்தில் விழுந்த கிழவிக்கு எலும்பு டாக்டர் எங்கே? அதே சமயம் குடும்ப வைத்தியத் துறையில் நூற்றுக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. மாணவர்கள் பேராசைக்காரர்களா? இல்லை. 2 லட்சம் டாலர் கடனோடு நிற்பவன் அதிகச் சம்பளம் உள்ள துறையை நாடாமல் என்ன செய்வான்? அவன் விருப்பப் பட்டியலில் பாதியைக் கடன்காரன் எழுதிவிடுகிறான். 2025ல் போட்ட சட்டப்படி, 2026 ஜூலை முதல் வைத்திய மாணவர்களுக்கான சர்க்கார் கடனுக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு. கல்லூரிச் சம்பளத்தைக் குறைக்காமல் கடனை மட்டும் குறைத்தால் ஏழை மாணவன் தனியார் வட்டிக்கடைக்கே போக வேண்டும்.

அமெரிக்க மாணவனின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் கல்லூரிகளில், நம் ஜனங்களின் பணத்தில் படித்த பிள்ளைகளும் இதே யந்திரத்தில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எலும்புத் துறையில் அவர்களில் இடம் பெறுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள், அந்நாட்டு மாணவர் ஒதுக்கிய துறைகளையும் ஊர்களையும் தாங்கி நிற்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

மேட்சை உடைப்பது மருந்தல்ல. உடைத்தால் 1949 திரும்பும்: “இப்போதே பதில் சொல்” என்ற மிரட்டல் திரும்பும். மனுக்களுக்கு எல்லோருக்கும் பொதுவான உச்சவரம்பு வேண்டும். ஒத்திகை மாதத்துக்குப் படியும் தங்குமிடமும் ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டும். படிப்புச் செலவைச் சமூகம் ஏற்க வேண்டும். 1997 பூட்டைத் திறந்து, டாக்டர் இல்லாத ஊர்களை முன்வைத்து இடங்களைக் கூட்ட வேண்டும். சங்கத்தோடு பேசிச் சம்பளத்தை நிர்ணயிக்க வேண்டும்.

இவை நடக்காத காரியங்களல்ல. 1951ல் ஒரு கணக்குமுறையையே மாற்ற வைத்தவர்கள் மாணவர்கள். 1999ல் ‘தொழிலாளி’ என்ற பெயரை வென்றவர்கள் ரெஸிடென்ட் டாக்டர்கள். தனித்தனியே உறையைப் பிரித்து அழுகிறவரை நிர்வாகங்களுக்குக் கவலையில்லை. உறை கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே மண்டபத்தில் கூடட்டும். அன்று யந்திரம் படிக்கும் பட்டியலும் மாறும், இடங்களின் எண்ணிக்கையும் மாறும்.