பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி நெருங்குகிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அட்டையோடு குலாப் ஜாமூன் மாவு மளிகைக் கடைகளின் வாசலுக்கே வந்துவிட்டது. உணவு பாக்கெட்டுகளின் பின்பக்கம் அச்சிடப்படும் செய்முறைகளைப் பற்றி ஒரு புகார் சொல்ல இதுதான் சரியான நேரம் என்று எழுதுகிறேன். தயவுசெய்து இதைச் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். இது நுகர்வோர் விஷயம்.

ஜாமூன் மாவு, ரவா இட்லி மிக்ஸ், பிரியாணி மசாலா, இடியாப்ப மாவு, கஸ்டர்டு பவுடர் எல்லாவற்றையும் நாங்கள் வாங்குவது பின்பக்கத்தை நம்பித்தான். மைதாவும் பால் பவுடரும் சோடா உப்பும் அதே கடையில் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. கூடுதலாகக் கொடுக்கும் காசு, இன்னது இவ்வளவு என்று கலந்து தந்த கணக்குக்காக. அந்தக் கணக்கின் மறுபாதி செய்முறையில் இருக்கிறது: எவ்வளவு தண்ணீர், எந்தத் தீ, எத்தனை நிமிடம். ஆகவே செய்முறையும் நான் விலை கொடுத்து வாங்கிய சரக்குதான். கம்பெனிகள் அப்படி நினைப்பதில்லை. சட்டமும் அவர்களை அப்படி நினைக்க வைக்கவில்லை.

ஓர் இடியாப்ப மாவு பாக்கெட்டில் சொன்னபடியே வெந்நீர் ஊற்றிப் பிசைந்தேன். கூழாகிவிட்டது, அச்சில் போடவே முடியவில்லை. பாக்கெட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். “அது ஒரு சஜஷன்தான் மேடம். உங்க மாவு பதத்தைப் பார்த்து நீங்கதான் ஊத்திக்கணும்” என்றார் அந்தப் பெண். அவரிடம் எனக்குக் கோபமில்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் ‘உங்க மாவு’ என்கிறாரே, மாவு அவர்களுடையது அல்லவா?

அந்த பாக்கெட் கேட்டது ஒன்றரை கப் வெந்நீர். எந்தக் கப்? கடையில் விற்கும் அளவுக் கப் செட்டில் ஒரு கப் 240 மில்லி, சிலவற்றில் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அது ஜப்பானியர் அரிசி அளக்கும் கணக்கில் வந்தது. வீட்டு ஆழாக்கு அதைவிடவும் கொஞ்சம் சின்னது. காபி டம்ளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எங்கள் வீட்டு அலமாரியில் ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. 180 மில்லி கப்புக்கும் 250 மில்லி கப்புக்கும் ஒன்றரை கப்பில் 105 மில்லி வித்தியாசம் வருகிறது. மாவை கிராம் கணக்கில் அடைத்து, விலையைப் பைசா சுத்தமாக அச்சிடத் தெரிந்தவர்களுக்குத் தண்ணீர் என்று வந்தால் மட்டும் மில்லி மறந்துவிடுகிறது.

மாவின் ஈரப்பதம் மாறும், அடுப்பு மாறும், பாத்திரம் மாறும் என்பது உண்மைதான். அதற்கு “முதலில் 250 மில்லி ஊற்றுங்கள், போதாவிட்டால் 300 வரை போகலாம்” என்று ஒரு வரி போதுமே. நம் மாவட்டங்களில் வீட்டுத் தொழிலாகத் தொடங்கிய சில சின்னக் கம்பெனிகள் இப்படியே தமிழில் போடுகின்றன. பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும்.

‘ஒரு பாக்கெட்டைக் கொட்டி’ என்று தொடங்கும் செய்முறைகளின் கதை வேறு. பிஸ்கட், டீ, காபி, சமையல் எண்ணெய், பால் பவுடர் உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலாக ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். விலையை ஒப்பிட அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் விலையை ஏற்றுவதற்குப் பதில் எடையைக் குறைப்பது எல்லா வகைப் பொருளிலும் பழகிப்போன இந்நாளில், பாக்கெட் இளைத்தாலும் நாம் பழகிய செய்முறை இளைப்பதில்லை. ‘ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு பாக்கெட் சேமியா’ என்று டைரியில் எழுதி வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. அங்கே கேக் மிக்ஸ் பெட்டி 18.25 அவுன்ஸிலிருந்து 15.25 அவுன்ஸாகச் சுருங்கியதில், ‘ஒரு பெட்டி’ என்று எழுதி வைத்த பழைய குறிப்புகளெல்லாம் காலை வாரிவிட்டன.

இதுவரை சொன்னது காசும் நேரமும் வீணாவது பற்றி. இனிச் சொல்வது உடம்பு பற்றி.

ஒரு பிரியாணி மசாலா பாக்கெட்டை எடுத்துச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சிலவற்றில் முதலிலோ இரண்டாவதாகவோ நிற்பது உப்பு. அதே பாக்கெட்டில், நாலு விரல் தள்ளி, செய்முறையில் ‘உப்பு 2 டீஸ்பூன்’ என்றோ ‘உப்பு தேவையான அளவு’ என்றோ இருக்கும். மசாலாவிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள் என்ற எச்சரிக்கை செய்முறையில் இருக்காது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு என்ற கணக்கை வைத்துத்தான் அதே பாக்கெட்டில் சோடியம் சதவீதம் போடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்காரர் இருக்கும் வீட்டில் சமைப்பவர் பட்டியலைப் பார்த்துச் சமைப்பாரா, செய்முறையைப் பார்த்துச் சமைப்பாரா?

ஜாமூனில் நடப்பது இதைவிட அழகு. ஊட்டச்சத்து அட்டவணையில் வருவது உலர்ந்த மாவின் கணக்கு மட்டும். மாவைப்போல் மூன்று நான்கு மடங்கு சர்க்கரையைப் பாகு காய்ச்சச் சொல்வது செய்முறை. எண்ணெயிலோ நெய்யிலோ பொரிக்கச் சொல்வதும் செய்முறை. அந்தச் சர்க்கரையும் எண்ணெயும் அட்டவணையில் ஏறவே ஏறாது. ஒரு நாளுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராம் என்று வைத்துப் போட்ட சதவீதத்தைப் பார்த்தால் ஜாமூன் ஏதோ சத்து மாவு மாதிரி தெரியும். அந்த மாவை அப்படியே அள்ளித் தின்பவர் உண்டா? முன்பக்கத்தில் முந்திரியும் குங்குமப்பூவும் தூவிய ஜாமூன் படம், ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் ‘பரிமாறும் யோசனை’. படத்துக்கு வேண்டும் ஜாமூன், கணக்குக்கு வேண்டாம் போலிருக்கிறது.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளில், பொருளைச் சரியாகப் பயன்படுத்தத் தேவைப்பட்டால் பயன்படுத்தும் முறையை அச்சிட வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் ‘தேவைப்பட்டால்’ என்ற ஓட்டை வழியாகத்தான் எல்லாரும் நழுவுகிறார்கள். குழந்தைப் பால் மாவுக்கு 1992-இலேயே தனிச் சட்டம் போட்டுத் தயாரிக்கும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். அந்த டின்னில் கரைக்கும் தண்ணீர் மில்லியில் இருக்கிறது, அளவுக் கரண்டியும் உள்ளேயே கிடக்கிறது. ஆக, கட்டாயம் என்றால் எல்லாருக்கும் செய்யத் தெரிகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தீங்கைத் தவிர்க்கப் போதிய பயன்பாட்டு விளக்கம் தராவிட்டால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கலாம் என்கிறது. கூழாய்ப்போன மாவைத் தீங்கு என்று எந்த ஆணையமும் ஒப்புக்கொள்ளாது, தெரியும். அதிக உப்பை?

மொழி விஷயமும் இருக்கிறது. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் போட்டால் தடையில்லை, போடாவிட்டால் கேட்பாரில்லை. சமையல் வேலைக்கு வரும் அம்மாவிடம் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போகும் வீடுகளில் யார் படிப்பது? இப்போது சில கம்பெனிகள் செய்முறையையே எடுத்துவிட்டு ஒரு க்யூஆர் கட்டத்தைப் போட்டுவிடுகின்றன. கைபேசியில் காட்டினால் இந்தியில் ஒரு வீடியோ ஓடுகிறது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தை நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் சேர்த்தோ சமைத்தோதான் உண்ண முடியும் என்கிற மாவு, மிக்ஸ், மசாலா அனைத்துக்கும் ‘தேவைப்பட்டால்’ என்பதை நீக்கிச் செய்முறையைக் கட்டாயமாக்குங்கள். அது கிராமிலும் மில்லியிலும், அந்த பாக்கெட்டின் எடைக்கே பொருந்துவதாக, விற்கும் மாநிலத்தின் மொழியில் இருக்கட்டும். உள்ளே ஏற்கெனவே உப்போ சர்க்கரையோ இருந்தால் செய்முறையின் முதல் வரியிலேயே சொல்லட்டும். செய்முறைப்படி சமைத்த பண்டத்துக்கும் ஒரு வரி ஊட்டச்சத்துக் கணக்கு வரட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவைக் கொட்டியதும் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாமல், பேட்ச் எண்ணும் எடையும் செய்முறையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.