பொதுப்பணத்தில் விளைந்த கணிதமும் தனியார் வேலியும்

அகலத்தில் ஒரு லட்சம், நீளத்தில் ஒரு லட்சம் எனப் புள்ளிகள் கொண்ட வான்வழி நிலப்படம் ஒன்றில் 1,000 கோடிப் புள்ளிகள் அடங்கும். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 30 ஜிகாபைட். அதனை முழுமையாகத் திறந்தால் சாதாரணக் கணினி திணறிவிடும். ஆனால் ஒரு சிற்றூரின் ஏரியை மட்டும் காண விரும்புபவருக்கு முழுப் படமும் எதற்கு? வேவ்லெட் எனப்படும் சிற்றலைக் கணிதமுறை, படத்தைப் பல நுணுக்க அடுக்குகளாகப் பிரித்துச் சுருக்கி வைக்கிறது. கேட்ட இடத்தை, கேட்ட நுணுக்கத்தில் மட்டும் விரித்துக் காட்டுகிறது.

இம்முறை எங்கே வளர்ந்தது? அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ் அரசு ஆய்வகத்தில். எஃப்பிஐ தன்னிடம் குவிந்த கைரேகைகளைச் சேமிப்பதற்காக 1993இல் ஏற்ற சுருக்கமுறையில் அந்த ஆய்வகத்தின் கணித அறிஞர்களுக்குப் பங்குண்டு. பெரும்படங்களுக்கான முறையும் அங்கேயே உருவாயிற்று. காப்புரிமை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரில் பதிவாகி, லிசர்ட்டெக் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. மிஸ்டர்சிட் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தபோது, படத்தைப் பார்க்கும் மென்பொருள் இலவசம். படத்தைச் சுருக்குவதற்கோ உரிமக் கட்டணம். ஆய்வுக்கும் பொதுப்பணம், ஆய்வின் பயனை வாங்கவும் பொதுப்பணம்! (பேட்டண்ட் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குத் 'திறந்திருத்தல்' என்று பொருள். தமிழில் நாம் 'காப்பு' என்கிறோம். நமது சொல்லே உண்மைக்கு அருகில் நிற்கிறது.)

1999இல் அந்நிறுவனம், போட்டியாளரான எர்த் ரிசோர்ஸ் மேப்பிங் மீது வழக்குத் தொடுத்தது. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை. எரிபொருள் சிக்கனமான எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அத்தகைய எஞ்சின்கள் அனைத்துக்கும் உரிமை கோர இயலாது என்பது நீதிபதிகள் காட்டிய ஒப்புமை. முதலீடு செய்த மக்களுக்கு என்ன உரிமை என்பது அவ்வழக்கின் கேள்வியாகவே இருக்கவில்லை.

தனியார் முனைப்பு இல்லையேல் நுட்பம் ஆய்வகத்திலேயே முடங்கியிருக்கும் என்பர். அதே சிற்றலைக் கணிதத்தின் மீது எழுந்த ஜேபெக் 2000 பன்னாட்டுத் தரம் இவ்வாதத்தை மறுக்கிறது. அதன் அடிப்படைப் பகுதியைக் கட்டணமின்றிக் கையாளலாம். அதற்கான திறந்தமூல மென்பொருளை உருவாக்கியது பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகம்.

நம் நாட்டில் 2008 முதல் நில ஆவணங்களும் கிராம வரைபடங்களும் கணினிமயமாகி வருகின்றன. மின்னாளுகைத் தரங்கள் உரிமக் கட்டணமற்றவையாக இருக்கவேண்டும் என்கிறது ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டுக் கொள்கை. விலக்களிக்கவும் அதிலேயே வழியுண்டு. எல்லைத் தகராற்றில் ஏழை விவசாயியின் சான்று அந்த வரைபடமே. அது எந்தக் கோப்பு வடிவில் சேமிக்கப்படுகிறது, ஒப்பந்தக்காரர் விலகிய பின்னும் அதனைத் திறக்க முடியுமா என்று உள்ளாட்சிகளிலும் சட்டமன்றங்களிலும் நம் தோழர்கள் ஒப்பந்தப்புள்ளி கோரும் கட்டத்திலேயே கேட்கவேண்டும்.