மாத்திரை கொடுத்தால் போதுமா?

மாத்திரை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, இன்று அது வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் சாதனை இது. ஆனால், மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடாது. திட்டம் தொடங்கும் முன்பு, 2020-இல் நடந்த மாநில அளவிலான ஆய்வில், நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது.

“சொன்னால் யார் கேட்கிறார்கள்?” என்று மருத்துவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். என்ன சொன்னோம் என்பதையும் பார்க்க வேண்டாமா? “சோற்றைக் குறைங்க, நடங்க, கவலைப்படாதீங்க” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை. ரேஷன் அரிசியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண், எந்த வேளைச் சோற்றில் எவ்வளவு குறைப்பாள்? நாள் முழுக்கச் சித்தாள் வேலை பார்ப்பவளை மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? கவலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தகைய பொது அறிவுரைக்குப் பதிலாக, எதை மாற்றுவது என்ற இலக்கை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். அது சிறியதாகவும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இரவில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளாமல் ஒரு கரண்டி பொரியல் சேர்ப்பது, வேலைத்தளத்தில் குடிக்கும் நான்கு டீயில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பது, படுக்கும் முன் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றில் ஒன்றை அவர் வாயாலேயே சொல்லவைத்து, நோட்டில் எழுதி, அடுத்த முறை மறக்காமல் கேட்க வேண்டும். முடியவில்லை என்றால் திட்டக் கூடாது, இலக்கை மாற்ற வேண்டும். திட்டு வாங்கப் பயந்துதான் பலர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் வாயைக் கட்டுகிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அந்த வித்தை பலிக்காது. அந்த அளவு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால், கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண் ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவதாகப் பிரிட்டனின் நீண்டகால ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் ஒரே அளவும் பொருந்தாது: பலருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு, தாழ்சர்க்கரையால் மயங்கி விழக்கூடிய முதியவருக்கு 8 கூடப் போதும்.

இந்த உரையாடலுக்கு ஏற்றவர், இத்திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருபவரும் வீட்டையும் அடுப்படியையும் அறிந்தவருமான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்தான். அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், கூடுதல் வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகையும் உயர வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பதையும், சுகாதாரத் துறை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.