கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: கையிலுள்ள காலத்தைத் தவறவிடலாகாது

உலகில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஆளாகினர். சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். வருமுன் காக்கத்தக்க நோயொன்று இத்தனை உயிர்களைக் காவுகொள்வது வேதனைக்குரியதாகும்.

மனித பப்பிலோமா வைரஸின் நீடித்த தொற்றே இந்நோயின் பிரதான காரணமாகும். எனினும், தொற்று ஏற்பட்டவுடன் புற்றுநோய் தோன்றிவிடுவதில்லை. முதலில் கலங்களில் முன்நிலை மாற்றங்கள் உண்டாகின்றன. அவற்றுள் பல தாமாகவே மறைந்துவிட, சில மட்டும் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக உருவெடுக்கின்றன. மறைவது எது, முற்றுவது எது எனப் பிரித்தறிவதே மருத்துவ உலகின் முன்னுள்ள சவாலாகும்.

இவ்விடத்திலேயே நொதியங்களின் தொழிற்பாட்டை அளவிடும் ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. கலம் பிரியுந்தோறும் நிறமூர்த்தங்களின் முனைகள் தேய்கின்றன. டெலோமெரேஸ் எனும் நொதியம் அத்தேய்வை ஈடுசெய்து, புற்றுநோய்க் கலங்கள் முடிவின்றிப் பெருக வழிவகுக்கின்றது. இதன் தொழிற்பாடு புற்றுநோய் இழையங்களில் பெரும்பாலும் காணப்படுகின்றது. ஆரம்ப மாற்றங்களில் குறைவாகவே தென்படுகின்றது. ஆனால், கடுமையான முன்நிலை மாற்றங்கள் பலவற்றிலும் அது வெளிப்படுவதால், இவ்வளவீட்டை மாத்திரம் கொண்டு முடிவுக்கு வர இயலாது. இழையத் துணுக்கை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்வதே இன்றும் நோயை உறுதிசெய்கின்றது.

இந்நுட்பங்கள் நாளை மேலும் கூர்மையடையலாம். ஆயினும், பரிசோதனைக்கே வராத பெண்ணுக்கு எந்த நொதிய அளவீடும் உதவப்போவதில்லை. எமது நாட்டில் 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35, 45 வயதுப் பெண்களுக்குப் பப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. 2017 முதல் ஆறாம் தர மாணவியருக்குத் தடுப்பூசியும் வழங்கப்படுகின்றது. மகளின் தடுப்பூசிக்குச் சம்மதக் கையொப்பமிடும் தாய், தன்னைப் பரிசோதித்துக்கொள்ள முன்வராதிருப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

முன்நிலை மாற்றங்கள் பொதுவாக எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. எனவே, நோவில்லை என்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. அந்நிலையில் சிறிய சிகிச்சை போதுமானது. முற்றிய பின்னரோ அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் தேவைப்படுகின்றன.

வெட்கமும் அச்சமும் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலரைக் கிளினிக்குகளின் வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. பெண் வைத்தியர்களை அமர்த்துவதும் தாய்மொழியில் விளக்கமளிப்பதும் சுகாதாரத் துறையினரின் பொறுப்பாகும். உற்சாகப்படுத்தி அனுப்பிவைப்பது குடும்பத்தாரின் கடமையாகும். நோய் தரும் நீண்ட அவகாசத்தை வீணாக்குவோமாயின், தவறு எம்முடையதேயன்றி விஞ்ஞானத்தினுடையதல்ல.